ஒன்பதாம் தேதிக்கு ஆள் இல்லை

ஜனவரி 18

அன்புள்ள காலண்டருக்கு,

போனில் விஷயத்தை எடுத்தாலே, "அடுப்புல பால் வெச்சிருக்கேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். மூன்று முறை ஆகிவிட்டது. தனியாளுக்கு அவ்வளவு பால் எதற்கு? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் நாள்தாளைத் தவிர வேறு எதையும் கிழிக்க உனக்குக் கை வராது என்று உன் அண்ணன் சொல்வார். உனக்கு இந்தப் பட்டப்பெயரை வைத்தவரே அவர்தானே.

என் மகளுக்கு, உன் மருமகளுக்கு, வெளிநாட்டுப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு, தங்குவது, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் அவளுக்குப் பதினாறு வயதுதான் என்பதால், அம்மா அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா இல்லை என்றால், இல்லை என்பதற்குத் தாள் காட்ட வேண்டும்.

வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். "அவர் காணாமப் போய் ஏழு வருஷம் முடிஞ்சிடுச்சு. இறந்துட்டதா அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்துல கேக்கலாம். ஆனா மனைவி சொன்னா மட்டும் போதாது. கூடப்பிறந்தவங்க யாராவது எழுதித் தரணும். எந்தத் தேதியில இறந்ததா நம்புறீங்கன்னு தேதியும் போடணும்" என்றார். அவருக்குக் கூடப்பிறந்தவள் நீ ஒருத்திதான். ஜூலை முப்பத்தொன்றுக்குள் தாளை நீதிமன்றத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான். நவம்பர் ஒன்பதாம் தேதி, பழுது பார்த்து முடித்த படகை ஓட்டிப் பார்க்கத் தனியாகக் கடலுக்குப் போனார். மதியம் போன் செய்து, இன்ஜின் நின்றுவிட்டது, சரி செய்துகொண்டு சாயங்காலம் வந்துவிடுவேன் என்றார். பதிமூன்றாம் தேதி படகு மட்டும் கிடைத்தது.

இறந்த தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தேதி உன் தொழில்.

அன்புடன்,
அண்ணி

---

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

பால் நிஜமாகவே அடுப்பில் இருந்தது. இரண்டாவது தடவை சொன்னது மட்டும்தான் பொய்.

மருமகளுக்கு இடம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அச்சகம் முழுக்கச் சொல்லி, வேலை நேரத்தில் என்ன பேச்சு என்று முதலாளியிடம் வாங்கியும் கட்டிக்கொண்டேன். அவளை அத்தை கட்டிப்பிடித்ததாகச் சொல்லுங்கள்.

தாளும் வந்தது. மேசை மேல் வைத்து, பறக்காமல் இருக்கக் கோந்து டப்பாவை அதன் மேல் வைத்திருக்கிறேன். ஜன்னல் மூடித்தான் இருக்கிறது.

தேதி என் தொழில் என்று எழுதிவிட்டீர்கள். என் தொழில் என்னவென்று தெரிந்துதானே எழுதினீர்கள்? நாள்தாளின் அடியில் ஒரு வரி போடுவது. இன்று இன்னார் பிறந்த நாள், இன்னார் மறைந்த நாள், உலகப் புத்தக தினம், உலகக் கடல் தினம். அந்த ஒரு வரிக்கு இரண்டு ஆதாரம் இல்லாமல் நான் கை வைக்க மாட்டேன். அதற்கு மேல் முதலாளியின் விதிகள் வேறு. அரசியல்வாதி கூடாது. சண்டை போட்டவர் கூடாது. உயிரோடு இருப்பவர் கூடவே கூடாது. "உசுரோட இருக்கறவனை நம்பி அச்சடிக்க முடியாதும்மா" என்பார். நான் சேர்வதற்கு முன்பு ஒரு பாடகரின் பிறந்த நாளைப் போட்டார்களாம். அந்தத் தாளைக் கிழிக்க வேண்டிய வாரத்தில் அவர் திருட்டு வழக்கில் உள்ளே போய்விட்டார். அச்சகத்தில் போன் அடித்து ஓயவில்லையாம்.

இத்தனை விதியையும் தாண்டி வருகிறவர்கள் குறைவு. அதனால் வருஷத்தில் சில நாட்களுக்கு ஆளே கிடைக்காது. அதை வெற்று நாள் என்போம். அடியில் ஒன்றும் இல்லாமல் தேதி மட்டும் அச்சாகும். முதலாளிக்கு அதைப் பார்த்தால் பல் வலி வந்த மாதிரி முகம் போய்விடும். நவம்பர் ஒன்பது அப்படி ஒரு வெற்று நாள். நானும் ஏழு வருஷமாகத் தேடாத இடமில்லை. அந்தத் தாள் சும்மா வெள்ளையாக இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒன்பதாம் தேதிக்கு ஆள் இல்லை.

எப்போதோ செத்துப்போன விஞ்ஞானிக்கே இரண்டு ஆதாரம் கேட்கிறவள், என் அண்ணனுக்கு ஒன்றுகூட இல்லாமல் எப்படித் தேதி போடுவேன்? காலிப் படகு ஒரு ஆதாரமா? ஸ்பானர் எல்லாம் பெட்டிக்குள் அளவுப்படி அடுக்கி இருந்ததாம். தண்ணீர் கேன் காலியாக இருந்ததாம். அப்படியென்றால் குடித்திருக்கிறான். குடித்தவன் இருந்திருக்கிறான். ஏதாவது கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். எங்கேயோ பேர் தெரியாத துறைமுகத்தில், தலையில் அடிபட்டு, யாரென்றே நினைவில்லாமல் இன்ஜின் பழுது பார்த்துக்கொண்டிருக்கலாம். இன்ஜின் மட்டும் அவனுக்கு மறக்காது.

ஜூன் இரண்டு அவனுக்கு நாற்பத்தேழு ஆகிறது. வழக்கம் போல போன் செய்கிறேன். மருமகளைப் பாடச் சொல்லுங்கள்.

இந்த வருஷக் காலண்டரும் அனுப்பியிருக்கிறேன். ஆணி அடித்து மாட்டுங்கள். போன வருஷம் போலப் பீரோ மேல் போட்டுவிடாதீர்கள்.

உங்கள்,
காலண்டர்

---

மார்ச் 11

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. தாள் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு ஜூன் இரண்டும் நீ போன் செய்கிறாய். ஒவ்வொரு ஜூன் இரண்டும் என் மகள் போனைப் பிடித்துக்கொண்டு பிறந்த நாள் பாட்டு பாடுகிறாள். நீ அந்தப் பக்கம் கை தட்டுகிறாய். ஒன்பது வயதில் சந்தோஷமாகப் பாடினாள். போன வருஷம் பாடி முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, இது அப்பாவுக்கு இல்லதானே? அத்தை மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதானே?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். இந்த வருஷம் அவள் பாட மாட்டாள். நான் பாட விட மாட்டேன்.

எங்கள் கல்யாண நாளுக்கு நீ வாழ்த்து அட்டை அனுப்புகிறாய். "இருவரும் இன்னும் பல்லாண்டு" என்று அதில் இருக்கும். அதைத் தபால்காரர் என் கையில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பள்ளியில் தந்தையர் தினம் கொண்டாடினால் அன்று மகள் லீவு போடுகிறாள். புது வருஷம் பிறந்தால், அவர் பார்க்காத வருஷம் இன்னொன்று என்று நினைக்கிறேன். அடுத்த நிமிஷமே, ஒருவேளை பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று தோன்றும். அதற்குக் காரணம் நீ.

உனக்கு அவர் பிறந்த நாள் ஒன்று போதும். எனக்கு அவர் செத்த நாள் ஒன்று வேண்டும். எனக்கு அழ ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் அழுதுவிட்டு, மறுநாள் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். அப்படி ஒரு நாள் இல்லாததால் எல்லா நாளும் அதுவாக இருக்கிறது. இது உனக்குப் புரியாவிட்டால் போகட்டும். உன் மருமகள் படிப்பாவது புரியட்டும்.

உன் காலண்டரை வீட்டில் மாட்ட மாட்டேன். நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். அங்கே சுவர் காலியாக இருக்கிறது.

ஜூலை முப்பத்தொன்று. இதையாவது எங்காவது குறித்து வை.

அண்ணி

---

ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். அப்புறம் அச்சகத்தில் பள்ளிப் புத்தக வேலை. அதற்கு நடுவில் ஒரு விபத்தும் நடந்தது. கோந்து டப்பா கவிழ்ந்து தாள் பாழாகிவிட்டது. வேறு தாள் அனுப்புங்கள். அவசரம் இல்லை.

போன ஞாயிறு ஒன்று நடந்தது, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். நடைபாதையில் ஒருவர் போகிறார். தோளை ஒரு பக்கம் சாய்த்து, கையில் பெட்டி இல்லாமலே பெட்டி தூக்குகிற நடை. அப்படியே அண்ணன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினேன். செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பினார். முகம் வேறு.

என்ன சொல்வதென்று தெரியாமல் மணி என்ன என்று கேட்டேன். அவர் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பொறுமையாக மணி சொன்னார். அண்ணன் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பான்.

இருந்திருந்தால் என்று எழுதிவிட்டேன். இங்கே இருந்திருந்தால் என்று படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
காலண்டர்

---

ஜூன் 3

காலண்டருக்கு,

நேற்று நீ போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாய். கடையில் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கையில் உன் நாள்தாள் இருந்தது.

கடையில் உன் காலண்டருக்கு நல்ல வேலை கொடுத்திருக்கிறோம். நாள்தாளின் அடி வரி அவ்வளவு பொடி எழுத்து. புதுக் கண்ணாடி போட்டுப் பார்ப்பவர்களிடம் அன்றைய தாளைக் கிழித்துக் கொடுத்து, அடி வரியைப் படிக்கச் சொல்வோம். நேற்று ஒரு பெரியவர் வந்தார். தாளைக் கண்ணருகே வைத்து, தள்ளி வைத்து, மறுபடி கிட்டே கொண்டுவந்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"நல்ல மனிதர் ஒருவர் பிறந்த நாள்."

படித்துவிட்டு, "பேரைக் காணோமேம்மா. எனக்குத் தெரியலையா, இல்ல கண்ணாடி சரியில்லையா?" என்றார்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஜூன் இரண்டு. கண்ணாடி சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, பீரோ மேல் கிடந்த பழைய காலண்டர்களை எல்லாம் இறக்கினேன். தூசியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஏழிலும் இருக்கிறது. அதே வரி. பெயர் போடாமல் முதலாளி கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாய்.

முதலில் அழுதேன். எத்தனை வீட்டுச் சுவரில் அவர் பிறந்த நாள் மாட்டியிருக்கிறது என்று நினைத்து அழுதேன். அதற்குப் பிறகுதான் உன் பிப்ரவரிக் கடிதம் ஞாபகம் வந்தது. எடுத்து மறுபடி படித்தேன். உயிரோடு இருப்பவர் கூடவே கூடாது. நீயே எழுதியிருக்கிறாய். உங்கள் காலண்டரில் செத்தவர்களுக்கு மட்டும்தான் இடம்.

முதல் வருஷமே அவரை நீ அங்கே வைத்துவிட்டாய். அப்போது நான் இன்னும் ராத்திரி அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார் என்று எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் மகளைப் பாட வைத்தாய்.

புதுத் தாள் வைத்திருக்கிறேன். தயவு செய்து இதன் மேல் கோந்து கொட்டாதே.

அண்ணி

---

ஜூலை 24

அண்ணி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நாள்தாள் தவிர மற்றதையும் கிழிக்கப் பழகிவிட்டேன்.

தெரிந்து செய்யவில்லை, நம்புங்கள். அந்த வருஷம் அச்சு வேலை தள்ளிப் போயிருந்தது. அவன் போன பிறகுதான் அடுத்த வருஷக் காலண்டருக்கு வரி போட்டுக்கொண்டே வந்தேன். ஜூன் இரண்டும் வெற்று நாள்தான். இடம் காலியாக இருந்தது. கை அந்த வரியைப் போட்டுவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது, அவனுக்கு ஒரு பிறந்த நாள் பரிசு என்று நினைத்தேன். வந்ததும் காட்டிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். விதி எனக்கு நினைவுக்கே வரவில்லை. அந்த விதியைச் சொல்லித்தான் தினமும் மற்றவர்களைக் கழித்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா? என் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மருமகளிடம் எனக்காக ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் பாடியது எனக்காகத்தான் என்று எழுதியிருந்தீர்கள். சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

தேதி பதிமூன்று என்று போட்டிருக்கிறேன். படகு கிடைத்த நாள். ஒன்பதா, பத்தா, பதினொன்றா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். எந்த நாளை எழுதப் போனாலும், இன்னும் ஒரு நாள் இருந்திருக்கலாமே என்று கை நின்றது. கேன் காலியாக இருந்ததே அண்ணி. தண்ணீர் இருந்த வரை இருந்திருப்பான். அதனால் முடிந்த வரை தள்ளிப் போட்டேன். பதிமூன்றுக்கு மேல் தள்ள என்னால் முடியவில்லை. அவனுக்கு நான் கொடுக்க முடிந்தது அந்த நாலு நாள்தான்.

நவம்பர் பதிமூன்று உலகக் கருணை தினம். அந்த வரியும் நான் போட்டதுதான். வெற்று நாளில் அவனை விட எனக்கு மனம் வரவில்லை.

காலண்டர்

---

ஆகஸ்ட் 9

அன்புள்ள காலண்டருக்கு,

தாள் இருபத்தொன்பதாம் தேதி கைக்கு வந்தது. பிரித்துத் தேதியைப் பார்த்தேன். உனக்குத் திருப்பி அனுப்பி மாற்றி வாங்க நாள் இல்லை. மறுநாள் வக்கீல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீதிமன்றத்திலும் ஏற்றுக்கொண்டார்கள். இனி அந்தத் தேதியை யாரும் மாற்ற முடியாதாம். "எதுக்கும்மா மாத்தணும்? எந்தத் தேதியா இருந்தா என்ன, உங்களுக்கு வேண்டியது கிடைச்சிருச்சே?" என்று வக்கீல் அம்மா கேட்டார். அவருக்கு என்ன சொல்ல?

உனக்குச் சொல்கிறேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பத்து நாள் பார்த்தேன். முடியவில்லை.

அவர் ஒன்பதாம் தேதி மதியம் என்னோடு பேசினார். சிரித்துப் பேசினார். இன்ஜினைத் திட்டினார். போனை வைத்ததும் ஏதோ ஆகிவிட்டது, கால் வழுக்கியதோ, அலை அடித்ததோ, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்றுதான், ராத்திரி சாப்பாடு எடுத்து வைப்பதை நிறுத்தியதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். வேறெதையும் நினைக்க நான் என்னை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வேலைக்குப் போனேன். அவர் அன்றைக்கே போய்விட்டார் என்று நீ எழுதுவாய் என்று நினைத்தேன். வேறு எந்தத் தேதியும் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் முதல் கடிதத்திலேயே அந்த இடத்தை நிரப்பி அனுப்பியிருப்பேன்.

நீ நாலு நாள் உயிர் கொடுத்தாய். கேன் காலியாக இருந்தது என்கிறாய். காலியான பிறகு? அதை நீ யோசிக்கவில்லை. கூரை இல்லாத படகு அது. மேலே வெயில். சுற்றிலும் குடிக்க முடியாத தண்ணீர். அவர் யாரைக் கூப்பிட்டிருப்பார்? என்னையா, உன்னையா? சாயங்காலம் வருவேன் என்று சொன்னவர், நாலு சாயங்காலம் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று இப்போது முத்திரை குத்திய தாள் சொல்கிறது. பீரோவில் வைத்திருக்கிறேன். பீரோ பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

தாளை மகளும் படித்தாள். "பதிமூணா?" என்று மட்டும் கேட்டாள். அன்று ராத்திரி குடிக்க வைத்த தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

உன் மேல் கோபம் இல்லை. உனக்கு அவர் மேல் உள்ள பிரியத்தில் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பிரியம்தான். இரண்டும் ஒரே தாளில் சேரவில்லை, அவ்வளவுதான். அழ ஒரு நாள் கேட்டேன். கிடைத்த நாளில் என்னால் அழ முடியாது.

மகள் செப்டம்பர் நாலாம் தேதி கிளம்புகிறாள். அதற்குப் பிறகு நானும் வீட்டைக் காலி செய்துவிட்டு என் தங்கையோடு போய் இருக்கப் போகிறேன். அடுத்த வருஷத்துக்குக் காலண்டர் அனுப்பாதே. எனக்கு இனிமேல் தேதி எதுவும் பார்க்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாலையாவது ஒழுங்காகக் குடி.

அண்ணி

---

அக்டோபர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

பழைய முகவரிக்குத்தான் எழுதுகிறேன். புது முகவரி நீங்கள் தரவில்லை. அங்கே குடி வந்தவர்கள் அனுப்பி வைத்தால் கிடைக்கும்.

நீங்கள் எழுதியது சரி. காலியான பிறகு என்ன என்று நான் யோசிக்கவில்லை. இப்போது அதைத் தவிர வேறு யோசனை இல்லை. நீதிமன்றத்துக்கு நேரில் போனேன். தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டேன், ஒன்பது என்று திருத்த வேண்டும் என்றேன். கவுன்டரில் இருந்தவர், "ஒன்பதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் நான் எல்லோரிடமும் கேட்ட கேள்வி. பதிமூன்றுக்கு மட்டும் என்ன ஆதாரம் இருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் முடியாவிட்டால் காலண்டரில் செய்யலாம் என்று நினைத்தேன். அடுத்த வருஷத்துக்கு வரி போடும்போது ஜூன் இரண்டை நானே எடுத்துவிட்டேன். நவம்பர் ஒன்பதில், "படகு மெக்கானிக் ஒருவர் மறைந்த நாள்" என்று போட்டேன். மறைந்த என்பது எனக்குப் பிடித்திருந்தது. செத்தவருக்கும் அதைத்தான் சொல்கிறோம், கண்ணில் படாமல் போனவருக்கும் அதைத்தான் சொல்கிறோம். நீங்களும் படிக்கலாம், நானும் படிக்கலாம்.

இந்தத் தடவை முதலாளி கண்ணில் பட்டுவிட்டது. கூப்பிட்டு, "யாரும்மா இது?" என்றார்.

"எங்கண்ணன்" என்றேன். ஒன்பதாம் தேதிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அழுதேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "ஒவ்வொருத்தருக்கும் ஒருத்தர் இருக்காங்கம்மா. எனக்கும் இருக்காங்க. போட ஆரம்பிச்சா வருஷம் பத்தாது" என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். பதிமூன்றாம் தேதி வரியையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அது உலக தினம், எடுக்க முடியாது என்றார்.

நேற்று மெஷின் ஓடியது. நவம்பர்த் தாள்கள் வரும்போது பக்கத்தில் போய் நின்றேன். எட்டில் ஒருவர் இருந்தார். பத்திலும் ஏதோ இருந்தது. ஒன்பது வெறும் தேதியோடு வந்து விழுந்தது. கட்டுக் கட்டாக விழுந்துகொண்டே இருந்தது.

காலண்டர் அனுப்ப வேண்டாம் என்றீர்கள். அனுப்பவில்லை. ஆனால் தங்கை வீட்டிலோ, வேறு ஏதாவது கடையிலோ எங்கள் காலண்டர் மாட்டியிருக்கும். நவம்பர் ஒன்பதாம் தேதி வந்தால் அடியில் பாருங்கள் அண்ணி. அங்கே ஒன்றும் இருக்காது. அது அவன்தான்.

உங்கள்,
காலண்டர்